காப்பதால் அது கா

வங்கியில் இருந்தவரை, நிலத்துக்கு மதிப்புப் போடும்போது புதர் மண்டிய மூலையைக் கணக்கிலேயே சேர்க்க மாட்டேன். ஓய்வுக்குப் பிறகு குமரி மாவட்டத்தில் நிலம் வாங்கியபோதும் அதே கண்தான். மூலையில் பத்து சென்ட் பழைய மரங்களும் கொடிகளும். அழித்து வாழை வைக்கலாம் என்று ஜேசிபிக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். களையெடுக்க வந்த பாட்டி பதறிப்போய், "அது காவுல்லா சார், வெட்டக்கூடாது" என்றார்.

காவு வேறெதுவுமில்லை, நம் பழைய 'கா'தான். சோலை என்று பொருள். திருவானைக்கா, திருநெல்லிக்கா என ஊர்ப்பெயர்களில் இன்றும் இருக்கிறது. ஆனைக்காவின் தலமரம் வெண்நாவல். கேரளத்தில் தெய்வமும் நாகமும் குடியிருக்கும் மரக்கூட்டம் காவு. 'கா' என்றால் காப்பாற்று என்றும் பொருள். காவல், காப்பு எல்லாம் அதில் பிறந்தவை. நட்டு வளர்த்தது தோப்பு. கைவைக்காமல் காத்தது கா. நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன்.

முன்பணம் போனது, மரங்கள் பிழைத்தன. இப்போது ஜீவாமிர்தம் கரைக்கையில் 200 லிட்டருக்கு ஒரு கைப்பிடி, ரசாயனம் படாத மண் வேண்டுமே, அதைக் காவிலிருந்துதான் எடுக்கிறேன். வயலில் எலி பிடிக்கும் ஆந்தைக்கும் அங்கேதான் வீடு.

உங்கள் நிலத்திலும் அப்படியொரு மூலை இருந்தால், வெட்டுமுன் ஊர்ப் பெரியவர்களிடம் அதன் பெயரைக் கேளுங்க.