பாப்பரசரும் சின்னக் கொம்பும்

அந்திக்கிறிஸ்து என்றதும் எங்களுக்கு உடனே நினைவுக்கு வருவது தஜ்ஜால். இனி வரப்போகும் தனி ஒருவன். ஈஸா (அலை) அவர்களின் கையால் அழியப்போகிறவன். 16ஆம் நூற்றாண்டுப் புரட்டஸ்தாந்துக்காரர்கள் பேசியது இப்படி ஒருவனைப் பற்றியல்ல. அவன் எப்போதோ வந்துவிட்டான், ரோமாபுரியில் ஆசனம் போட்டு இருக்கிறான், ஒருவர் இறந்தால் அடுத்தவர் அதே ஆசனத்தில் ஏறுகிறார் என்பதே அவர்கள் கட்சி. அதாவது, அவர்கள் சுட்டியது ஆளை அல்ல, பதவியை. இந்த வித்தியாசம் பிடிபடாவிட்டால் மார்ட்டின் லூதர் எழுதியதெல்லாம் வெறும் வசையாகத்தான் தெரியும். (வசையும் அதில் தாராளமாக உண்டு. மனுசன் வாயை அடக்கியவரல்லர்.)

அந்தப் பெயர் பைபிளில் யோவானின் நிருபங்களில் மட்டும்தான் வருகிறது. அதோடு வேறு மூன்று இடங்களையும் சேர்த்துக் கோத்ததில்தான் விஷயமே இருக்கிறது. தானியேல் 7ஆம் அதிகாரத்தில் 4 மிருகங்கள். நாலாவதற்கு 10 கொம்புகள். அவற்றுக்கு நடுவில், மனிதக் கண்ணும் பெருமை பேசும் வாயுமாக ஒரு சின்னக் கொம்பு முளைத்து மூன்றைப் பிடுங்கிவிடுகிறது. பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், கடவுளின் ஆலயத்திலேயே உட்கார்ந்துகொள்ளும் பாவ மனிதன் ஒருவன் வருகிறான். வெளிப்படுத்தின விசேஷத்தில் ஏழு மலைகளின் மேல் ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். நாலாவது மிருகம் ரோமப் பேரரசு, ஏழு மலை ரோமாபுரி, ஆலயம் என்பது திருச்சபை என்று வைத்துக்கொண்டால், எதிரி வெளியிலிருந்து படையெடுத்து வருபவனாக இருக்க முடியாது. சபைக்குள்ளேதான் இருக்க வேண்டும்.

இங்கிலாந்தின் விக்ளிஃப் 14ஆம் நூற்றாண்டிலேயே இந்தப் பேச்சைப் பேசியவர். லூதரை உலுக்கியது ஒரு பழைய ஆராய்ச்சி. மேற்குலகின் ஆட்சியைக் கொன்ஸ்தந்தீன் மன்னர் பாப்பரசருக்கு எழுதிக்கொடுத்ததாகச் சொல்லப்பட்ட ஆவணம் போலி என்று லொரென்சோ வல்லா 1440இல் காட்டியிருந்தார். அதன் லத்தீன் மொழிநடையே அதைக் காட்டிக்கொடுத்தது. மொழி படித்தவர்களுக்கு இது கொஞ்சம் பெருமையான கதைதான். 1520 பெப்ரவரியில் அதைப் படித்த லூதர், பாப்பரசர்தான் அந்திக்கிறிஸ்து என்பதில் தனக்கு அநேகமாகச் சந்தேகமே இல்லை என்று நண்பருக்கு எழுதினார். அடுத்த ஆண்டு ஓவியர் கிரானாக்கின் மரச்செதுக்குப் படங்களோடு ஒரு சிறு நூல் வந்தது. ஒரு பக்கம் சீடர்களின் கால் கழுவும் இயேசு, எதிர்ப் பக்கம் தன் காலை முத்தமிடக் கொடுக்கும் பாப்பரசர். இப்படி 13 சோடிகள். எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்கும் விளங்கிவிடும்.

ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி வாசித்தார்கள் என்று நினைக்கக் கூடாது. 1529இல் உஸ்மானியப் படை வியன்னாவை முற்றுகையிட்டபோது, சின்னக் கொம்பு துருக்கியர்தான் என்றார் லூதர். கல்வினோ அதே கொம்பை ஜூலியஸ் சீசர் வழிவந்தவர்கள் என்றார். ஆனாலும் பாப்பரசர் அந்திக்கிறிஸ்து என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. 1536இல் எழுதிய ஸ்மால்கால்டு உறுப்புரைகளில் லூதர் அதற்குச் சொன்ன காரணத்தை நாங்கள் கவனிக்க வேண்டும்: துருக்கியர் பெரிய பகைவர்தான், ஆனாலும் வரியையும் கீழ்ப்படிவையும் வாங்கிக்கொண்டு, விரும்பியவரைக் கிறிஸ்துவை நம்ப விடுகிறார்கள், பாப்பரசர் அதைக்கூட விடுவதில்லை. ஜிஸ்யா முறை ஒரு ஜேர்மன் பாதிரியாரின் வாதத்தில் சாட்சியாக வந்து நிற்கிறது!

கத்தோலிக்கர் சும்மா இருக்கவில்லை. அந்திக்கிறிஸ்து கடைசிக் காலத்தில் மூன்றரை வருடம் ஆளப்போகும் தனி ஒருவன் என்றார் இயேசு சபையைச் சேர்ந்த ரிபேரா. அந்த இடத்தில் அவர் எங்கட தஜ்ஜாலுக்குத்தான் கிட்ட நிற்கிறார்.

பிறகு வந்தவர்கள் கணக்கில் இறங்கினார்கள். மூன்றரை வருடம் என்றால் 1260 நாள். தீர்க்கதரிசனத்தில் ஒரு நாள் ஒரு வருடத்துக்குச் சமம் என்றால் 1260 வருடம். 1798இல் பிரெஞ்சுப் படை ஆறாம் பத்திநாதரை ரோமிலிருந்து பிடித்துக்கொண்டு போனதும், அதிலிருந்து 1260ஐக் கழித்து, 538இல் தொடங்கிய ஆட்சி முடிந்தது என்றார்கள். 606இலிருந்து எண்ணியவர்களுக்கு 1866 வந்தது. தொடக்கத்தை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்றால் அது என்ன கணக்கு? 1640களில் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையில் எழுதப்பட்ட அந்திக்கிறிஸ்து என்ற சொல்லை அமெரிக்க பிரெஸ்பிற்றேரியன் சபை 1903இல் எடுத்துவிட்டது. வேறு சில சபைகள் இன்றும் விடவில்லை.

எங்கட ஆட்களில் சிலர் பாப்பரசரைத் தாக்கும் பழைய புரட்டஸ்தாந்து வரிகளை விவாதங்களில் எடுத்துப் போடுவதுண்டு. அடுத்த பக்கத்தைப் புரட்டுவதில்லை. வெளிப்படுத்தின விசேஷம் 9ஆம் அதிகாரத்தில் குழியிலிருந்து கிளம்பும் வெட்டுக்கிளிகள் அரபு முஸ்லிம்கள், புராத் நதிக்கரையில் அவிழ்த்துவிடப்படும் படை துருக்கியர் என்று அங்கே எழுதியிருக்கும். அதே ஒரு நாள் – ஒரு வருடக் கணக்கை வைத்துத்தான் அமெரிக்கப் போதகர் ஜொசையா லிட்ச், உஸ்மானிய ஆட்சி 1840 ஆகஸ்ட் 11இல் விழும் என்றார். அந்த ஆண்டு சுல்தான், மிஸ்ரின் முஹம்மது அலி பாஷாவுக்கு எதிராக ஐரோப்பிய வல்லரசுகளின் தயவை நாடியிருந்தார். அதையே வீழ்ச்சி என்று சொல்லி லிட்சின் கூட்டத்தார் கணக்கைச் சரி பண்ணிக்கொண்டார்கள். உஸ்மானிய சுல்தான் பதவி 1922 வரை இருந்தது.