ஐட்லிங் ஏறினால் மோட்டார் பாயும்

செகிஞ்சான் வட்டாரத்தில் வயலுக்கும் தோட்டத்திற்கும் ஹோண்டா இஎக்ஸ்5 போன்ற பழைய காப்சாய் மோட்டார்கள் இன்னும் ஓடுகின்றன. சந்திப்பில் நின்றால் இன்ஜின் அணைகிறது என்று பலர் ஸ்க்ரூவைத் திருகி ஐட்லிங் வேகத்தை ஏற்றிவிடுகிறார்கள். ஆபத்து அதில்தான் இருக்கிறது.

இந்த மோட்டார்களுக்குக் கைக் கிளட்ச் இல்லை. இன்ஜின் வேகம் கூடினால் கிளட்ச் தானாகப் பிடித்துக்கொள்ளும். ஐட்லிங் அதிகமாக இருந்தால் முதல் கியர் போட்டதுமே மோட்டார் முன்னே பாயும்.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். அறுவடைத் தூசி அதை அடைத்திருக்கலாம். ஸ்பார்க் பிளக்கையும் சுத்தம் செய்யுங்கள். பத்து நிமிடம் ஓட்டி இன்ஜினைச் சூடாக்கி, நியூட்ரலில் திறந்த வெளியில் நிறுத்துங்கள். மூடிய இடத்தில் புகை உயிருக்கே ஆபத்து.

கார்புரேட்டரில் உள்ள ஐட்லிங் ஸ்க்ரூவை வலப்பக்கம் திருகினால் வேகம் ஏறும். இடப்பக்கம் திருகினால் இறங்கும். கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கள். நிமிடத்திற்குச் சுமார் 1,400 சுற்று போதும். மீட்டர் இல்லாதவர்கள் பட்டறையில் காட்டலாம். பிறகு ஹேண்டலை இருபுறமும் முழுதாகத் திருப்புங்கள். அப்போது வேகம் ஏறினால் திராட்டல் கேபிள் சரியில்லை என்று பொருள்.

இதன் பிறகும் இன்ஜின் அணைந்தால் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவ வேண்டியிருக்கும். ஸ்க்ரூவைத் திருகிக் கோளாறை மறைக்காதீர்கள்.