மதில் கற்பித்த அச்சம்

கொழும்பிலிருந்து களனி ஆற்றைக் கடந்து வத்தளைப் பக்கம் போனால் ஹெந்தளை. அங்குள்ள தொழுநோய் வைத்தியசாலையை ஒல்லாந்தர் கட்டி முடித்த ஆண்டு 1708. நோயாளரைக் கட்டாயமாகப் பிரித்து வைக்கும் சட்டம் 1901 இல் வந்தது. இன்று இந்த நோய் மாத்திரையால் குணமாகிறது; அதற்கான கூட்டு மருந்துச் சிகிச்சை 1983 இலேயே இலங்கைக்கு வந்துவிட்டது. ஆனால் நோயின் பெயரைக் கேட்டதும் எழும் அச்சம் இன்னும் போகவில்லை. அறியாமைதான் காரணம் என்கிறார்கள். அது பாதி விளக்கம் மட்டுமே. அந்த அச்சத்தைக் காத்து வைத்திருப்பது நமது விலகல்தான் என்பதை உளவியலின் ஆரம்பப் பாடங்களே காட்டுகின்றன.

உணவோடு சேர்த்து ஓர் ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்ட நாய்க்கு, பிறகு அந்த ஒலி மட்டுமே உமிழ்நீரை வரவழைத்தது என்று கண்டார் பாவ்லோவ். அச்சமும் இப்படிப் பழகும். 1920 இல் வாட்சனும் ரேய்னரும் ஒரு குழந்தைக்கு வெள்ளை எலியைக் காட்டும்போதெல்லாம் பெருஞ்சத்தம் எழுப்பினர்; பின்னர் அது முயலுக்கும் அஞ்சியது. இன்றைய அறநெறி அனுமதிக்காத கொடிய சோதனை அது. ஒரேயொரு குழந்தையை வைத்துப் பொது முடிவுக்கு வரலாமா என்ற ஆட்சேபமும் நியாயமானது. ஆயினும் பாவ்லோவின் இன்னொரு கண்டுபிடிப்பு பல ஆய்வுகளில் உறுதிப்பட்டது: உணவில்லாமல் ஒலி மட்டும் தொடர்ந்து கேட்டால், பழகிய எதிர்வினை மங்கிவிடும். அப்படியானால் தொழுநோய் அச்சமும் மங்கியிருக்க வேண்டுமே? மங்குவதற்கு நோயாளரின் அருகில் போக வேண்டும். அருகில் இருந்தும் கேடு வரவில்லை என்று உடம்பே உணர வேண்டும். விலகிப் போகிறவருக்கு அந்த அனுபவம் கிட்டுவதில்லை. விலகியதும் கிடைக்கும் நிம்மதி, அடுத்த முறையும் விலகத் தூண்டுகிறது. நோயாளரைப் பிரித்து வைத்த ஹெந்தளை மதில் அச்சத்தை ஊட்டியது. அந்த அச்சம் கலையும் வாய்ப்பையும் மறைத்தது.

தொற்றுநோய்க்கு அஞ்சுவது பாதுகாப்புத்தானே என்று கேட்கலாம். மருந்தில்லாத காலத்தில் அந்தக் கேள்விக்கு வலு இருந்தது. ஆனால் பெரும்பாலானோருக்கு இந்தக் கிருமியை எதிர்க்கும் இயற்கைச் சக்தி உண்டு. சிகிச்சை தொடங்கியதும் தொற்றும் தன்மை விரைவில் நீங்குகிறது. அச்சமோ, நோயின் அறிகுறியான உணர்ச்சியற்ற தேமலை மறைக்கச் செய்கிறது. சிகிச்சை தாமதித்தால் நரம்பு கெடும், கை கால் ஊனமாகும். அந்த ஊனத்தைக் கண்டு ஊர் மேலும் அஞ்சும். துண்டுப்பிரசுரத்தால் மட்டும் இது தீராது. சமநிலையில், பொது வேலையில், நிறுவனங்களின் ஆதரவோடு கூடிப் பழகும்போதே தப்பெண்ணம் குறையும் என்று 1954 இல் கோர்டன் ஆல்போர்ட் எழுதினார். தொழுநோயாளரும் மற்றவர்களும் ஒரே ஆஸ்பத்திரியின் ஒரே வரிசையில் காத்திருப்பது அந்த வகையில் பெரிய காரியம். வேலைத்தலமும் பாடசாலையும் கோவிலும் அவர்களுக்கு அதே இடத்தைக் கொடுக்க வேண்டும்.