எல்லைக்கல்: ஈம் – ஸ்டோனி மிடில்டன், டார்பிஷயர்

1665 செப்டம்பரில், லண்டனிலிருந்து தையற்காரர் வீட்டுக்கு வந்த துணியோடு பிளேக் ஈம் கிராமத்துக்குள் நுழைந்தது. 1666 ஜூனில், வில்லியம் மாம்பசன், தாமஸ் ஸ்டான்லி என்ற இரு பாதிரியார்களின் சொல்லை ஏற்று, நோய் வெளியே பரவாதிருக்க, ஊரார் எல்லை தாண்டுவதில்லை என முடிவெடுத்தனர்.

ஈம் மக்கள் இக்கல்லின் குழிகளில் வினிகர் ஊற்றிக் காசைப் போட்டுவைப்பார்கள். ஸ்டோனி மிடில்டன் மக்கள் அதை எடுத்துக்கொண்டு உணவை வைத்துவிட்டுப் போவார்கள். ஈமின் தியாகம் பேசப்படும் அளவுக்கு இந்த அண்டை ஊரின் துணிவு பேசப்படுவதில்லை, பேசப்பட வேண்டும்.

ஆகஸ்டில் எலிசபெத் ஹான்காக் என்ற தாய், எட்டே நாட்களில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்தார். மொத்தம் சுமார் 260 பேர் இறந்தனர்.

ஆண்டுதோறும் ஆகஸ்ட் கடைசி ஞாயிறன்று ஈமில் நினைவு வழிபாடு நடக்கிறது.