தொடை எலும்பு முறிந்தவருக்கு உடனே ஏன் கம்பி வைப்பதில்லை?



விடியற்காலையில் வேலைக்குப் போகிற வழியில், பீடோங் சாலையில் ஒரு லோரி மோட்டார்சைக்கிளை இடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்குத் தொடை எலும்பு முறிவு. நெஞ்சிலும் பலத்த அடி. சுங்கைப் பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். காலுக்கு வெளியே ஓர் இரும்புச் சட்டத்தை மாட்டிவிட்டு, "உள்கம்பி பிறகுதான்" என்கிறார் டாக்டர். வெளியே உட்கார்ந்திருக்கும் நம்ம ஆளுங்க என்ன சொல்வாங்க? "ஏழைன்னு கண்டுக்கலை. வாங்க, சின்சேகிட்ட கூட்டிக்கிட்டுப் போவோம்!"

அவசரப்படாதீர்கள். அந்தக் காத்திருப்பும் வைத்தியந்தான்.

எலும்பு காய்ந்த கட்டை அல்ல. உள்ளே ரத்தமும் கொழுப்பு நிறைந்த மஜ்ஜையும் இருக்கின்றன. தொடை எலும்பு முறிந்தால், வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாமல் தொடைக்குள்ளேயே ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் இறங்கிவிடலாம். நம் உடம்பில் இருப்பதே சுமார் 5 லிட்டர்தான். மஜ்ஜைக் கொழுப்பும் துளித்துளியாக ரத்தத்தில் கலந்து நுரையீரலில் போய் அடைக்கிறது. அடிபட்ட உடம்பு முழுவதும் அழற்சி கிளம்புகிறது. இது முதல் அடி.

ஆபரேஷன் இரண்டாவது அடி. எலும்பின் நடுக்குழாயைக் குடைந்து கம்பியை இறக்கும்போது, அந்த அழுத்தத்தில் இன்னும் கொழுப்பு ரத்தத்தில் ஏறும், ரத்தமும் போகும். திடமான உடம்பு தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே நெஞ்சில் அடிபட்டு, ரத்தம் இழந்து தள்ளாடும் உடம்பு தாங்குமா? நுரையீரலில் நீர் கோத்து, சிறுநீரகமும் ஓய்ந்து, கால் சரியாகி ஆள் போய்விடலாம்.

டாக்டர்கள் இதைப் பட்டுத்தான் கற்றார்கள். காலில் எடை கட்டித் தொங்கவிட்டு, வாரக்கணக்கில் படுக்கவைத்த காலம் நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். படுத்தே கிடந்து சளிக்காய்ச்சலும் படுக்கைப் புண்ணும் கண்டவர்கள் எத்தனை பேர்! எலும்புக்குள் கம்பி இறக்கும் முறையை 1939-இல் ஜெர்மனியில் கெர்ஹார்ட் குன்ட்ஷர் கொண்டுவந்தார். 1989-இல் அமெரிக்காவின் டல்லாஸ் டாக்டர்கள் 178 நோயாளிகளை வைத்துப் பார்த்து, பல காயம் பட்டவர்களுக்கு 24 மணி நேரத்துக்குள் எலும்பைப் பொருத்தினால் நுரையீரல் தொல்லை குறைகிறது என்றார்கள். எல்லோருக்கும் உடனே செய் என்று ஆகிவிட்டது. 1993-இல் ஜெர்மனியின் ஹனோவர் டாக்டர்கள், நெஞ்சிலும் அடிபட்டவர்களுக்கு அந்த அவசரமே கெடுதலாகலாம் என்று எச்சரித்தார்கள்.

ஆகவே இப்போது ஆளைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். தொடை மட்டும் முறிந்து உடம்பு திடமாக இருந்தால் சீக்கிரமே கம்பி வைப்பார்கள். அதற்கும் பயப்பட வேண்டாம். நிலைமை மோசமென்றால் முதலில் ரத்தப்போக்கை நிறுத்தி, வெளிச்சட்டத்தால் காலை அசையாமல் நிறுத்துவார்கள். ரத்த அழுத்தம், மூச்சு, சிறுநீர், ரத்தத்தில் லாக்டேட் அளவு எல்லாம் சீரான பிறகு, பெரும்பாலும் சில நாள் கழித்து, உள்கம்பி.

உங்களுக்கும் வேலை இருக்கிறது. விபத்து நடந்த இடத்தில் காலை இழுக்காதீர்கள், உருவாதீர்கள். அசையாமல் வைத்து 999-ஐக் கூப்பிடுங்கள். ஆபரேஷன் தேவைப்படலாம், சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்காதீர்கள். முதல் மூன்று நாள் நோயாளியைக் கவனியுங்கள். மூச்சு வாங்கினாலோ, சம்பந்தமில்லாமல் பிதற்றினாலோ, நெஞ்சிலும் அக்குளிலும் சிவப்புப் பொட்டுகள் தெரிந்தாலோ உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். பிதற்றினால் "காத்துக் கருப்பு அண்டிடுச்சு" என்று தாயத்துக்கு ஓடாதீர்கள். கொழுப்பு அடைப்பாக இருக்கலாம். இனிப்பு நீர், சிகரெட், நாட்டு மருந்து எதையும் டாக்டரிடம் மறைக்க வேண்டாம்.

இன்னொன்று. வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் வழக்கமான பாதையில் நடந்த விபத்துக்குச் சொக்சோ உண்டு. முதலாளிக்கு உடனே தெரிவியுங்கள். தெரிந்த 48 மணி நேரத்துக்குள் அவர் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். நான்கு நாளோ அதற்கு மேலோ எம்.சி. இருந்தால், தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு என்ற கணக்கில் தற்காலிக உதவித்தொகை கேட்கலாம். போலீஸ் புகாரும் எம்.சி.யும் ஒவ்வொரு நகலாவது வீட்டில் இருக்கட்டும்.