செல்லமும் நற்றிணைச் சிறுமியும்

'செல்லப்பிள்ளை' என்னும் சொல்லை நாம் இருபொருள்பட வழங்குகின்றோம். அருமை மகவைச் சுட்டுவதும் அதுவே. வளர்ந்தும் பொறுப்பறியாதானைப் பழிப்பதும் அதுவே. 1955-இல் வெளிவந்த ஏவி.எம். திரைப்படமொன்று அதனையே பெயராகக் கொண்டது. செல்லம் கேட்டிற்கு வித்து என்பாரே இன்று பலர். சங்கச் சான்றோர் கருத்தும் அதுதானோ என்பதை ஆராய்தல் வேண்டும்.

போதனார் பாடிய நற்றிணை 110-ஆம் பாட்டு இதற்குத் தக்க இடமாகும். தேன் கலந்த பாலைப் பொற்கலத்தில் ஏந்தி நிற்கின்றனர் நரைமூதாட்டியரான செவிலியர். கையில் கோலும் உண்டு; ஆயின் அக்கோலின் நுனியோ பூ! அச்சுறுத்தும் கருவியும் இங்கே நோவாதபடி மென்மையுற்றது. சிறுமி முத்துப்பரற் சிலம்பு ஒலிக்கப் பந்தருக்கு ஓடிவிடுகின்றாள். முதியோர் பின்தொடர மாட்டாது களைத்து நிற்கின்றனர்.

அவளே மணந்தபின், கணவன் குடி வறுமையுற்ற காலத்தும் தந்தை மனையின் செழுஞ்சோற்றை நினையாதவளாய், பொழுது தவிர்த்து உண்கின்றாள். இவ்வறிவை எங்ஙனம் பெற்றாள் என்னும் வியப்பே பாட்டின் உயிர். துறையை மனைமருட்சி எனவும் மகள்நிலை உரைத்தல் எனவும் இருவகையாகக் கொள்வர். எங்ஙனம் கொள்ளினும் வினாவிற்கு விடை பாட்டில் இல்லை. கோலின் கடுமையால் வந்த அறிவன்று அஃது என்பது மட்டும் தெளிவு.

ஒன்று நோக்கத்தக்கது. ஆண்மகவு சிற்றில் சிதைக்கும் குறும்பைப் பிள்ளைத்தமிழ் ஒரு தனிப் பருவமாகவே வைத்துப் போற்றுகின்றது. அவன் வளர்ந்து பசி பொறுப்பானோ என்னும் வினா அப்பருவத்தில் எழுவதில்லை.