மழைநீர் தளத்தை உடைப்பது எப்படி?

ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்ததும் உங்கள் வீட்டுத் தளத்தின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள். பழுப்பு நிறக் கறை தெரிகிறதா? புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர்களில் 1980களிலும் 1990களிலும் அரசு கட்டித் தந்த தொகுப்பு வீடுகள் பலவற்றில், காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பிகளே வெளியே தெரிகின்றன. கல்போன்ற கான்கிரீட்டை வெறும் நீர் எப்படி உடைக்கிறது?

முதலில் ஒரு சோதனை. தட்டில் ஒரு செ.மீ. உயரத்துக்கு நீர் ஊற்றி, உலர்ந்த செங்கல்லை நிறுத்தி வையுங்கள். ஈரம் மெல்ல மேலே ஏறும். செங்கல்லின் நுண்துளைகளே காரணம். 0.1 மி.மீ. ஆரமுள்ள கண்ணாடிக் குழாயில் நீர் சுமார் 15 செ.மீ. ஏறும், துளை குறுகினால் இன்னும் உயரும். இதுவே நுண்புழை ஏற்றம். கான்கிரீட்டிலும் இத்தகைய துளைகள் உண்டு. அவற்றில் நீர் கீழ்நோக்கி மட்டுமன்றிப் பக்கவாட்டிலும் பரவும். ஆகவே மேலே நீர் புகுந்த இடம் ஒன்று, கீழே கறை தோன்றும் இடம் வேறொன்றாக இருக்கலாம்.

இனி கம்பியைப் பார்ப்போம். புதிய கான்கிரீட்டில் காரத்தன்மை மிகுதி, பி.எச். மதிப்பு 12க்கு மேல். இதனால் கம்பியின்மேல் ஒரு மெல்லிய படலம் உண்டாகித் துருப்பிடிக்காமல் காக்கிறது. நாளடைவில் காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே புகுந்து காரத்தன்மையைக் குறைக்கிறது. காப்புப் படலம் அழிகிறது. பிறகு நீரும் பிராணவாயுவும் சேர்ந்தால் துருதான்! துரு, தான் பிறந்த இரும்பைவிட இரு மடங்குக்கும் மேலான இடத்தை அடைக்கும். உள்ளே இடம் ஏது? மரக்கட்டையில் அடித்த ஆப்பைப்போல் அது கான்கிரீட்டைப் பிளந்து கீழே தள்ளுகிறது. கம்பியும் மெலிகிறது.

எனவே கறைமேல் வண்ணம் பூசுவது நோயை மறைப்பதாகும். முதலில் மேலே நீரை நிறுத்த வேண்டும். 10 அடிக்கு 10 அடி அறையின் மாடியில் ஒரு செ.மீ. நீர் தேங்கினால் அது ஏறக்குறைய 93 லிட்டர்! செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டு, தட்டோடு பதித்து, நீர் ஓட வாட்டம் வைப்பது நம் கொத்தனார்கள் அறிந்த முறை. அடுத்து, பெயர்ந்த பகுதியை நீக்கி, கம்பியின் துருவைத் தேய்த்தெடுத்து, துருத்தடுப்புப் பூச்சிட்டுப் புதுக் கலவை பூச வேண்டும். கம்பி மிக மெலிந்திருந்தால் பொறியாளர் பார்ப்பதே நல்லது. ஈரம் உலர்ந்த பிறகே வண்ணம்.

ஓர் எச்சரிக்கை: காரை உப்பியிருக்கும் இடத்துக்குக் கீழே படுக்காதீர்கள். மின்விசிறி, விளக்கு அருகே நீர் சொட்டினால், மெயின் சுவிட்சை உடனே அணைக்கச் சொல்லுங்கள்.

அடுத்த மழை விட்டதும் பெரியவர்களுடன் மாடிக்குச் செல்லுங்கள். நீர் தேங்கும் இடங்களையும் விரிசல்களையும் வரைபடத்தாளில் அளவோடு குறியுங்கள். கோடையில் கொத்தனார் வரும்போது அந்தத் தாளைக் காட்டுங்கள். எங்கே வேலையைத் தொடங்குவது என்பதை அது சொல்லும்.